முதல் குரலுக்குக் கீழே

அக்கா இல்லாத முதல் ஆண்டு இம்மாதத்தோடு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் பலரும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் இடப்பக்கத் தூணருகே வாய் திறவாமல் அமர்ந்திருந்த முதியவராகவே அக்காவை அறிவீர்கள். பாடல் தொடங்கும்போது அவர் பாட்டுப் புத்தகத்தை விரிப்பார், முடியும்போது மூடுவார், இடையே உதடுகள் அசையா. பாடத் தெரியாதவர் என்று எண்ணியவர்களும் உளர். அவ்வெண்ணத்தை மாற்றும் கடமை, உடன்பிறந்தோருள் எஞ்சியிருக்கும் எனக்கு உண்டு.

வடக்குப்பட்டை அடுத்த எங்கள் சிற்றூரில், ஆலயத்தை ஒட்டிய உபதேசியார் வீட்டில் அக்கா பிறந்தார். ஆயருக்குத் துணையாக ஊர்ச் சபையில் ஆராதனை நடத்திய அந்த உபதேசியார் எங்கள் தந்தையாரே. விடுதிப் பள்ளியில் பயின்ற காலத்தில் பலகுரலில் பாடும் முறையைக் கற்றுவந்து, ஊர்ப் பாடகர் குழுவுக்கும் அதைப் பழக்கினார். குழுவில் ஒரு பாதியினர் பாடலை அதன் மெட்டிலேயே பாடுவர். அது முதல் குரல். மறுபாதியினர் அதே சொற்களை, அதே தாளத்தில், சற்றே தாழ்ந்த வேறொரு மெட்டில் பாடுவர். அது இரண்டாம் குரல். இரண்டும் சேரும்போது பாட்டுக்கு ஓர் ஆழம் உண்டாகும். இரண்டாம் குரலைத் தனியே கேட்டால், பாட்டை அறிந்தவருக்கே அது இன்ன பாட்டென்று விளங்காது.

அக்காவுக்கும் அண்டை வீட்டுக் கிருபாவுக்கும் ஒரே வயது. குரல் பிரித்த மாலையில் தந்தையார் இருவரையும் ஆர்மோனியத்தின் முன் நிறுத்தி, கிருபாவுக்கு முதல் குரலையும் அக்காவுக்கு இரண்டாம் குரலையும் கொடுத்தார். பாட வராதவன் என்று முதல் நாளே ஒதுக்கப்பட்டவனாகையால் நான் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அழுகை முட்டிவிட்டது.

"எனக்கும் அவ பாடறதையே குடுங்கப்பா. நான் பாடறது பாட்டு மாதிரியே இல்ல."

"தனியாப் பாடினா அப்படித்தான் இருக்கும்."

"அப்ப தனியா இருக்கறப்போ நான் இன்னா பாடறது?"

"தனியா எதுக்கும்மா பாடப்போற? அவதான் கூட இருக்கறாளே."

அந்த மறுமொழி அக்காவுக்கு அன்று போதுமானதாக இருந்தது. நெடுங்காலம் போதுமானதாகவே இருந்தது. நாற்று நடும் வயலிலும், கிணற்றடியிலும், திருமண வீடுகளிலும், கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகச் செல்லும் பாடல் பவனியிலும் இருவரும் சேர்ந்தே பாடினர். கிருபா ஒரு சொல்லை எங்கே நீட்டுவார், எங்கே மூச்செடுப்பார் என்பதை அக்கா அவர் முகத்தைப் பாராமலே அறிவார். எந்த ஓசையைக் கேட்டாலும் அதற்குக் கீழே நிற்க வேண்டிய சுரத்தைத் தேடுவது அக்காவின் இயல்பாயிற்று. பிற்காலத்தில் எங்கள் ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்து, அவற்றின் சங்குகள் வேலைநேரத்தை அறிவிக்கத் தொடங்கியபோது, சங்கு ஊதும் நேரத்தில் அக்கா என்ன வேலையில் இருந்தாலும் அதற்குத் தாழ்ந்த ஒரு சுரத்தை மூக்கினுள் இழைத்துக்கொண்டிருப்பார். தாம் அவ்வாறு செய்வதை அவர் அறிந்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

தந்தையார் இளமையிலேயே மறைந்தார். உபதேசியார் வீட்டை விட்டு வெளியேறி, ஏரிக்கரைப் பக்கம் ஒரு குடிசையில் வாழ்ந்தோம். அக்கா படிப்பை நிறுத்திக் கூலி வேலைக்குச் சென்றார். என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்த ஒப்பவில்லை. நான் இலக்கணம் படித்து ஆசிரியனானது அவருடைய உழைப்பால். பின்னர் அவருக்குப் பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. அங்கும் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தந்தார். பழக்கத்தினால் எல்லாவற்றையும் இரண்டாம் குரலிலேயே சொல்லித்தந்துவிட்டார். மேற்பார்வைக்கு வந்த அம்மையார் ஒருவர் செவிமடுத்துவிட்டு வியந்தாராம்.

"இன்னாம்மா இது, எல்லாப் புள்ளைங்களும் தப்பாப் பாடுதுங்க?"

"எல்லாம் ஒரே மாதிரி பாடுதுங்களா இல்லியா மேடம்? அதுவரைக்கும் கொண்டாந்ததே பெரிசு."

மாமாவை மணந்தபின் அக்காவின் வாழ்வில் சிரிப்பு மிகுந்தது. மாமா சுமையுந்து ஓட்டுநர். பாட்டில் ஆசை உண்டு, பயிற்சி இல்லை. கிருபா வர இயலாத மாலைகளில் முதல் குரலைத் தாமே பாடுவதாகச் சொல்லி முன்வருவார். முதல் அடி முடிவதற்குள் அவர் குரல் தடம் மாறி அக்காவின் மெட்டுக்கு வந்துவிடும்.

"இன்னாமே, என்னை இழுத்துக்கினு பூட்ற?"

"நான் எங்க இழுத்தேன்? நீதான் வழுக்கி என் மேல வுழற."

"உன் பாட்டு பள்ளத்துல கீது. வண்டி பள்ளத்துக்குத்தான் போவும்."

அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. மாமாவும் நோயுற்று, அக்காவின் நடு வயதிலேயே மறைந்தார். அதன்பின் அக்கா இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை ஒன்றின் உணவுக்கூடத்தில் காய்கறி நறுக்கும் வேலைக்குச் சென்றார். முழங்கால்கள் ஒத்துழைக்கும்வரை சென்றார். அங்கே புகையை வெளியேற்றும் பெரிய மின்விசிறி நாள் முழுதும் ஒரே சுரத்தில் ஒலிக்கும் என்றும், அதனோடு சேர்ந்து பாடினால் பொழுது போவது தெரியாதென்றும் ஒருமுறை என்னிடம் கூறினார். அப்போது அதனை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டேன்.

நிலங்கள் கைமாறிய ஆண்டுகளில் ஊரின் பழங்குடும்பங்கள் பல வேறிடங்களுக்குச் சென்றன. கிருபாவின் மகனுக்கு ஓசூரில் வேலை அமைந்தது. கிருபாவும் உடன் சென்றார். அக்கா தம் வீட்டின் பின்புறத்தில் வரிசையாகச் சில அறைகளைக் கட்டி, தென் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஆலயம் ஆளின்றிப் போகவில்லை. மாறாக, புதிதாகக் குடியேறியவர்களால் பெருகியது. கட்டடம் விரிந்தது, ஒலிபெருக்கியும் கீபோர்டும் வந்தன. இரண்டாம் குரலை அறிந்தவர்களுள் சிலர் மறைந்தனர்; சிலர் ஊர் மாறினர். அவ்வாறொரு குரல் உண்டென்பதை அறிந்தவரும் அருகினர். அத்தனை பேருக்கு நடுவே அக்கா ஒருவரே அதைப் பாடிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறன்று, நானும் உடனிருக்கையில், பாடகர் குழுவின் இளந்தலைவர் ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் வந்து மிகுந்த பணிவோடு பேசினார்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ராகம் மாறிப்போவுது. பக்கத்துல மைக் இருக்கறதால அது எல்லாருக்கும் கேக்குது. கொஞ்சம் மெதுவாப் பாடுனீங்கன்னா நல்லா இருக்கும்."

"சரிப்பா," என்றார் அக்கா.

வீடு திரும்பும் வழியில் நான் பொறுக்கமாட்டாமல், "அது இரண்டாம் குரல் என்று சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? மொத்த பேரும் ஒரு மாதிரி பாடறப்ப ஒருத்தி மட்டும் வேற மாதிரி பாடினா தப்புன்னுதான் நினைப்பாங்க. அந்தப் பையன் மேல இன்னா குத்தம் கீது? அவன் கேட்டதே இல்லியே."

அதற்குப் பின்னரே அவர் ஆலயத்தில் வாய் மூடினார். கோபத்தினால் அல்ல. மெதுவாகப் பாடுவதும் முதல் குரலுக்கு மாறுவதும் அவரால் இயலாதவை. முதல் குரலைத் தாம் பாடினால் பிறருடைய சேலையை உடுத்தியது போலிருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

வீட்டில் பாடினார். அந்தி மயங்கும் வேளையில் விளக்கைப் போட்டு, தந்தையார் காலத்தில் மாலை ஆராதனையை நிறைவு செய்துவந்த பாட்டை, இரண்டாம் குரலில், தன்னந்தனியாகப் பாடுவார். பின்புற அறைகளில் இருந்தவர்களுக்கு அது ஏதோ சோகமான பாட்டென்று தோன்றியிருக்கும். உண்மையில் அது மகிழ்ச்சியான பாட்டு. மகிழ்ச்சி முழுவதும் முதல் குரலில் இருக்கிறது.

கைப்பேசி வந்தபின் அக்காவுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. ஓசூரில் கிருபாவும் இங்கே அக்காவுமாகச் சேர்ந்து பாடிவிடலாம் என்று இருவரும் திட்டமிட்டனர். அவ்வேளை நான் குடியிருக்கும் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தேன். கைப்பேசியைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்து, அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார்.

"ஆரம்பிடி."

கிருபா தொடங்கினார். முதுமையிலும் அக்குரலில் நடுக்கமில்லை. அக்கா சேர்ந்தார். ஆனால் கிருபாவின் குரல் ஒரு கணம் தாமதித்து இங்கே வந்தது. அக்காவின் குரல் அவ்வாறே தாமதித்து அங்கே சென்றது. ஒருவருக்காக மற்றவர் நிதானித்தார்; நிதானித்ததும் இன்னும் பின்தங்கினார்.

"ஏண்டி இழுக்கற?" என்றது கைப்பேசி.

"நான் இன்னா இழுக்கறேன்? நீதான் பின்னாடி வர்ற."

"நீ பாடி முடிச்சப்புறந்தான்டி எனக்கே கேக்குது."

"சாவற வயசுலயும் என் மேலயே பழி போடு."

மீண்டும் முயன்றனர். மீண்டும் பிரிந்தனர். இருவரும் சிரித்தனர், பின் சிரிப்பும் தாமதமாக வந்து சேர்ந்தது. "வுடுடி. கிறிஸ்துமஸுக்கு வர்றேன். நேர்ல பாடலாம்," என்றார் கிருபா. அக்கா அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு அவ்வாண்டைக் கழித்தார். கிருபாவை மாரடைப்பு முந்திக்கொண்டது.

அடக்கத்துக்கு ஓசூர் சென்று திரும்பிய அக்காவிடம், அங்கே பாடினீர்களா என்று கேட்டேன். "வாய் வர்ல," என்று மட்டும் சொன்னார். மறுநாள் அந்தியில் வழக்கம்போலப் பாடினார். இப்போது ஒரு மாற்றம் இருந்தது. கிருபா மூச்செடுக்கும் இடங்களில் தாமும் நிறுத்தி, அவருக்காகக் காத்திருந்து, பின் தொடர்ந்தார்.

அக்காவின் அறையோடு ஒரே சுவரைப் பகிர்ந்த அறையில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த செல்வி என்பவர் கணவரோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தார். கைப்பேசி உறுப்புகளைப் பொருத்தும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. தம் ஊரில் பாட்டியை அழைப்பதுபோல அக்காவை அவர் "ஆச்சி" என்று அழைப்பார். அக்கா அதற்கு, "நான் இன்னா செட்டியார் வூட்டு அம்மாவா?" என்று கேலி செய்வார். வேலைக்குச் செல்லுமுன் அக்காவுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பதும், திரும்பிவந்து கதவைத் தட்டிப் பார்ப்பதும் செல்வியின் வழக்கம். அதற்கு மேல் இருவரும் நெடுநேரம் அமர்ந்து பேசும் வாய்ப்பு அமைந்ததில்லை. ஒருவர் விழித்திருக்கும் பொழுது மற்றவர் உறங்கும் பொழுதாக இருந்தது.

இதய நலிவால் அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கியதும் நான் வந்து உடன் தங்கினேன். திருப்பெரும்புதூர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, அவர் என்னை அருகில் அழைத்தார்.

"தம்பி, அடக்கத்துல அந்தப் பாட்டு பாடணும்."

"பாடுவார்கள் அக்கா."

"ரெண்டு குரல்லயும் பாடணும்."

"இரண்டாம் குரலுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?"

"தேடு. எந்தச் சொல்லு எங்கிருந்து வந்திச்சின்னு ஊரெல்லாம் தேடுவியே. ஒரு குரலைத் தேட மாட்டியா?"

தேடினேன். பழைய குழுவினருள் உயிரோடிருந்த சிலரைத் தாம்பரத்திலும் வாலாஜாபாத்திலும் கண்டேன். அவர்கள் அனைவரும் முதல் குரல் பாடியவர்கள். இரண்டாம் குரல் இருந்தது அவர்களுக்கு நினைவிருந்தது. அது எப்படிச் செல்லும் என்பது நினைவில்லை. இறுதியில் குழுத்தலைவரான அவ்விளைஞரிடமே சென்று முழுவதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆலயத்தில் தாம் கேட்டது என்னவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அக்காவிடமே கற்றுக்கொள்வதாகப் பாடகியர் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது. இரண்டு சொற்களைச் சேர்ந்தாற்போலச் சொல்லும் மூச்சும் அக்காவுக்கு இல்லை. அவ்விளைஞர் செய்வதறியாது, "கீபோர்டுல ஒரு பட்டன் இருக்கு ஆன்ட்டி. அமுக்கினா ரெண்டாவது குரல் தானாவே சேர்ந்து வரும்," என்றார்.

அக்கா மூச்சிரைக்கச் சிரித்தார். "அப்ப... அந்தப் பட்டனை... பொதைக்கச்... சொல்லு. நான்... வந்து பாடறேன்."

அதுவே நான் கேட்ட அவருடைய கடைசி நகைச்சுவை. சில நாட்களுக்குப்பின், நண்பகல் கடந்து தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்த வேளையில், அக்காவின் மூச்சும் ஓய்ந்தது. சங்கு ஒலித்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே எந்தச் சுரமும் எழவில்லை.

மறுநாள் பிற்பகல் கல்லறைத் தோட்டத்திற்கு எடுத்துச் சென்றோம். தோட்டத்தின் ஒரு பக்கம் இப்போது தொழிற்சாலையின் மதில். உறவினர்கள் குழியைச் சூழ்ந்து நின்றனர். அக்காவின் வாடகைக் குடியினர், வேலைச் சீருடையைக் கூட மாற்றாமல், சற்று விலகி மதிலோரம் நின்றனர். குழுத்தலைவர் கீபோர்டை வாசிக்க, பாடல் தொடங்கியது. எல்லோரும் பாடினர்; முதல் குரலில். மகிழ்ச்சியான பாட்டென்று முன்பே சொன்னேன். அன்று அது மகிழ்ச்சியாகவே ஒலித்தது. அக்கா கேட்ட ஒன்றைக் கொடுக்க முடியாத கையோடு நான் மண்ணை அள்ளினேன்.

முதல் சரணத்தின் நடுவே, மதிலோரத்திலிருந்து அது வந்தது.

பாட வராத என் செவிக்கும் அது ஐயமின்றித் தெரிந்தது. வாசற்படியில் அமர்ந்து கேட்ட செவி இது. எல்லோருடைய குரலுக்கும் கீழே, தாழ்ந்து, நிதானமாக, செல்வி பாடிக்கொண்டிருந்தார். இடுப்பில் குழந்தை. கண்கள் மூடியிருந்தன. அருகிலிருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் திரும்பி அவரைத் தொட்டார்.

"ஏம்மா, ராகம் அது இல்ல. தெரியலன்னா சும்மா நில்லு."

செல்வி சட்டென்று நிறுத்திவிட்டார். கைமண்ணோடு நான் அவரிடம் சென்றேன்.

"நிறுத்தாதீர்கள் அம்மா. பாடுங்கள்."

"தப்பாப் பாடுதேன்னு சொல்லுதாங்க சார்."

"தவறில்லை. அக்கா பாடியது போலவே பாடுங்கள்."

குழுத்தலைவர் தலை நிமிர்ந்து பார்த்தார். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். இரண்டாம் சரணம் வெறுங்குரல்களில் எழுந்தது. மேலே ஊர்; கீழே செல்வி. சில இடங்களில் செல்வி காரணமின்றி நின்று, பின் தொடர்ந்தார். அவை கிருபா மூச்செடுக்கும் இடங்கள். மண் விழும் ஒலிக்கிடையே அக்கா கேட்டபடியே, இரண்டு குரலிலும், பாட்டு முடிந்தது.

பின்னர் வீட்டு வாசலில் செல்வி என்னிடம் கலக்கத்தோடு வந்தார். "இதுதான் பாட்டுன்னுல்லா சார் நெனச்சிட்டு இருந்தேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆச்சி தெனமும் இப்படித்தான் பாடுவாங்க. பிள்ளைய ஒறங்க வைக்க நானும் இதத்தான் பாடுதேன். கூட யாரும் பாடிக் கேட்டதே இல்லியே. வேற ஒண்ணு இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பின், "அப்போ ஆச்சி பாதிப் பாட்டுதான் பாடிட்டு இருந்திருக்காங்க," என்றார்.

இனி நன்றி கூறல். அக்காவை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் தம் ஊர்தியில் சுமந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிவரை கனிவோடு கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஆயருக்கும் சபையாருக்கும், ஓசூரிலிருந்து வந்த கிருபாவின் மகனுக்கும், சம்பள இழப்பைப் பாராது அரைநாள் விடுப்பெடுத்து வந்து தோள் கொடுத்த வாடகைக் குடியினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. குழுத்தலைவரான இளைஞருக்குத் தனியே நன்றி உரியது. அவர் இப்போது அப்பாட்டின் இரண்டாம் குரலைச் செல்வியிடம் கேட்டுக் கற்றுவருகிறார். வேலைநேரங்கள் பொருந்தாமையால் கற்றல் மெதுவாகவே நடக்கிறது.

செல்விக்கு நன்றி சொல்லத் தகுந்த சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் வாடகை அறைகளைப் பார்க்க வந்தபோது, இப்போதும் குழந்தைக்கு அந்தப் பாட்டைப் பாடுகிறீர்களா என்று அவரைக் கேட்டேன். "பாடுதேன் சார். ஆனா முன்ன மாதிரி இல்ல. அன்னைக்கு எல்லாரும் மேல பாடுனாங்கல்லா, அதுக்குப் பொறவு தனியாப் பாடுனா என்னமோ கொறையுது," என்றார். அக்காவின் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் பேருந்து நிறுத்தம் வரை அச்சொற்களோடு நடந்தேன்.

ஆகவே, நினைவு ஆராதனைக்கு வருகை தரும் உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றை வேண்டிக்கொள்கிறேன். நிறைவில் அந்தப் பாட்டு பாடப்படும். செல்வி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பாடும்போது யாரும் திரும்பிப் பார்க்க வேண்டா. அவருக்காகக் குரலைத் தாழ்த்தவும் வேண்டா. நீங்கள் அறிந்த மெட்டை, அறிந்தவாறே, வாய்விட்டு, இறுதி அடிவரை விடாமல் பாடுங்கள். அவருக்கு நீங்கள் வேண்டும்.